ஏறிய தண்ணீருக்கு ஓடிவந்தவர்கள் இறங்கும் தண்ணீருக்கும் வரவேண்டும்: பெர்செபோலிஸ் பற்றி உலகப் பாரம்பரியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழுவில் அமர்ந்திருக்கும் 21 நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

உங்கள் குழு உருவானதற்கே ஒரு வெள்ளம்தான் காரணம். நைல் நதியில் அஸ்வான் உயர் அணை எழுந்தபோது அபு சிம்பல் கோயில்கள் மூழ்கவிருந்தன. 1960இல் யுனெஸ்கோ உலகத்திடம் உதவி கேட்டது. 1964 முதல் 1968 வரை அந்தக் கோயில்களைத் துண்டு துண்டாக அறுத்து மேட்டில் ஏற்றி மறுபடி அடுக்கினார்கள். அந்த அனுபவத்தின் சூட்டில்தான் 1972ஆம் ஆண்டின் உலகப் பாரம்பரிய உடன்படிக்கை பிறந்தது. ஆக, தண்ணீர் ஏறினால் என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் இறங்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்தில், ஷிராஸ் நகருக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், மர்வ்தஷ்த் சமவெளி மலையைத் தொடும் இடத்தில், பண்டைய பாரசீகப் பேரரசின் தலைநகரங்களில் ஒன்றான பெர்செபோலிஸ் நிற்கிறது. ஈரானியர்கள் தக்த்-எ ஜம்ஷீத் என்பார்கள். 1979இல் அந்த நாட்டிலிருந்து முதன்முதலாக நீங்கள் பட்டியலில் சேர்த்த மூன்று இடங்களில் இதுவும் ஒன்று. அந்தச் சமவெளியின் நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகளாக உறிஞ்சியதில் நிலம் தாழ்ந்து வருகிறது. சில கிலோமீட்டர் வடமேற்கே, டேரியஸ் உள்ளிட்ட அரசர்களின் கல்லறைகள் குடையப்பட்ட நக்ஷ்-எ ருஸ்தம் பாறைக்கு அருகே தரை பிளந்திருக்கிறது. இதை ஈரானின் சொந்தத் தொல்லியலாளர்களும் நிலவியலாளர்களும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அவர்களுக்குத் தெரியாத எதையும் நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அவர்கள் குரலுக்கு உங்கள் அவையில் எடை கூடவேண்டும் என்பதுதான் என் ஆசை. மர்வ்தஷ்தின் நிலத்தடி நீரை அந்தச் சின்னத்தின் ஓர் உறுப்பாகவே நடத்துங்கள். தூணையும் சிற்பத்தையும் பற்றிக் கேள்வி கேட்பது போலவே நீர்மட்டத்தைப் பற்றியும் ஈரான் அரசிடம் எழுத்தில் கேளுங்கள்.

தமிழில் எழுதும் ஒருவனுக்கு இதில் என்ன உரிமை என்று யாரேனும் கேட்கலாம். உங்கள் உடன்படிக்கையே இந்த இடங்களை மனிதகுலம் முழுமைக்கும் பொதுவாக்கியிருக்கிறது. 2024 ஜூலையில் உங்கள் 46ஆவது அமர்வு எங்கள் நாட்டின் தலைநகரில்தான் நடந்தது. இன்னொன்றும் உண்டு. அபதானா என்ற பெருமண்டபத்தின் கிழக்குப் படிக்கட்டில் பேரரசின் 23 நாட்டுத் தூதுக்குழுக்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதில் இந்தியக் குழுவும் இருக்கிறது. மேலாடை இல்லாமல் இடுப்பில் மட்டும் துணி உடுத்திய ஒருவர் தோளில் காவடி சுமந்து வருகிறார்; அதில் தொங்கும் கூடைகளில் இருப்பது பொற்பொடி என்பது ஆய்வாளர்கள் ஊகம். கூடவே ஒரு கழுதை. இவர்கள் சிந்து நதிப் பக்கத்தவர்கள். அந்தக் காவடியைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது அவர் தமிழர்தான் என்று கிளம்பிவிட வேண்டாம் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது பெர்செபோலிசின் மண்டபங்களைத் தாங்கும் கல்மேடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஆபத்து எங்கே இருக்கிறது என்பது அதன் கட்டுமானத்தைப் பார்த்தால்தான் விளங்கும்.

சுமார் கி.மு. 518இல் முதலாம் டேரியஸ் இங்கே வேலையைத் தொடங்கினார். கூ-எ ரஹ்மத் என்ற மலையின் அடிவாரத்தில் ஒருபக்கம் பாறையை வெட்டிச் சமப்படுத்தினார்கள். மறுபக்கம் பள்ளத்தைக் கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பினார்கள். வெளிவிளிம்பில் பெரிய பெரிய சுண்ணாம்புக்கல் பாளங்களைச் சாந்து இல்லாமல் அடுக்கி, இரும்புப் பிடிகளை ஈயம் ஊற்றி இறுக்கித் தாங்குசுவர் எழுப்பினார்கள். (பிற்காலத்தில் அந்த உலோகத்துக்காகவே கல்லைக் கொத்தி எடுத்துப்போனார்கள்.) இப்படி உருவானது சுமார் 125,000 சதுர மீட்டர் மேடை. மலையிலிருந்து வரும் மழைநீர் மேடையைத் தின்றுவிடக் கூடாதென்று அடியில் வடிகால்களையும் அமைத்தார்கள். அதன்மேல்தான் அபதானாவின் 72 தூண்கள், சுமார் 20 மீட்டர் உயரத்தில். பிறகு டேரியஸின் மகன் செர்க்சஸ் கட்டிய அனைத்து நாடுகளின் வாயில். அவர் தொடங்கி அர்தசெர்க்சஸ் முடித்த நூறு தூண் மண்டபம். அபதானாவின் 72 தூண்களில் இன்று நிற்பவை 13.

இதையெல்லாம் யார் கட்டினார்கள் என்பதற்கு அசாதாரணமான சான்று கிடைத்தது. 1933இல் மேடையின் வடகிழக்கு மூலையில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் அகப்பட்டன. கி.மு. 509 முதல் 493 வரையிலான நிர்வாகக் கணக்கு. பெரும்பாலும் ஏலாமிய மொழியில் எழுதப்பட்டது. எந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு வாற்கோதுமை, எவ்வளவு திராட்சை மது, எந்தப் பயணிக்கு எந்த அதிகாரியின் முத்திரையின் பேரில் வழிச்சோறு என்பது வரை அதில் இருக்கிறது. இந்தியாவுக்குப் போனவர்களுக்கும் அங்கிருந்து வந்தவர்களுக்கும் படியளந்த குறிப்புகள் உண்டு. பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தனிப்படி உண்டு. ஆண் குழந்தை என்றால் பெண் குழந்தைக்குக் கொடுத்ததைப் போல இருமடங்கு. (அந்த ஓரவஞ்சனைக்கு 2,500 வயதாகிறது.) அரசர்களின் கல்வெட்டுகள் ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு அந்த ஊரின் உயிர் இந்தப் படிக்கணக்கில்தான் தெரிகிறது. கணக்கில் வரும் தானியமும் பழமும் மதுவும் அந்த வட்டாரத்து மண்ணில் விளைந்தவை. சமவெளியின் தண்ணீர் இல்லாமல் அந்த மேடை ஒரு நாளும் இயங்கியிருக்காது.

அதனால்தான் மேடையை மட்டும் கோடு போட்டுப் பிரித்துக் காப்பது எனக்கு வினோதமாகப் படுகிறது.

தாங்கும் சக்தி அதற்கு நிறைய இருந்திருக்கிறது. கி.மு. 330இல் அலெக்சாந்தரின் படை கருவூலத்தைக் கொள்ளையிட்டது. அதைச் சுமந்துபோக 20,000 கோவேறு கழுதைகளும் 5,000 ஒட்டகங்களும் வேண்டியிருந்தன என்று புளூட்டார்க் எழுதுகிறார். பிறகு நெருப்பு. ஆனால் அந்த நெருப்பில் சரிந்த மண்சுவர்களின் இடிபாடே கிழக்குப் படிக்கட்டை மூடிக் காத்தது. 1930களில் சிகாகோ பல்கலைக்கழகத்துக்காக எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் தோண்டியபோது சிற்பங்கள் நேற்றுச் செதுக்கியது போல வெளிவந்தன. வந்துபோனவர்களின் உளியும் இருந்திருக்கிறது. அனைத்து நாடுகளின் வாயிலில் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் தங்கள் பெயரைக் கொத்திவைத்திருக்கிறார்கள். பத்திரிகையாளர் ஸ்டான்லி தன் நாளிதழின் பெயரையும் சேர்த்தே கொத்தினார். சிற்பங்களைப் பெயர்த்தவர்கள் வேறு. 1930களில் இங்கிருந்து திருடுபோன ஒரு வீரனின் தலைச்சிற்பம் கனடாவின் அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போய், அங்கிருந்து 2011இல் மறுபடி திருடுபோய், 2017இல் நியூயார்க் கலைச்சந்தை ஒன்றில் பிடிபட்டு, 2018இல்தான் ஈரானுக்குத் திரும்பியது.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது 1979இல் நடந்தது. நீங்கள் பட்டியலில் சேர்த்த அதே ஆண்டு. புரட்சிக்குப் பிறகு, மன்னராட்சியின் அடையாளம் என்று சொல்லி இதை இடித்துத் தள்ளப் புரட்சி நீதிமன்ற நீதிபதி சாதெக் கல்காலி ஆட்களோடு வந்தார். 1971இல் ஈரானின் மன்னர் ஷா இந்த இடிபாடுகளின் காலடியில் கூடார நகரம் அமைத்துப் பேரரசின் 2,500 ஆண்டு விழாவைக் கொண்டாடியது அப்போது யாருக்கும் மறந்திருக்கவில்லை. ஃபார்ஸின் ஆளுநர் நஸ்ரத்துல்லா அமீனி மறுத்து நின்றார். வட்டாரத்து மக்கள் அவரோடு நின்றார்கள். மேடை பிழைத்தது. 2020 ஜனவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஈரானின் 52 இலக்குகளைப் பற்றி, பண்பாட்டு இடங்களும் அதில் அடக்கம் என்ற பொருளில் மிரட்டியபோது உலகமே கொதித்தது. போரில் பண்பாட்டுச் சின்னங்களைக் காக்கும் 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை எல்லோரும் நினைவூட்டினார்கள். அந்தக் கொதிப்பு நியாயமானது. படை வந்தால் கத்துவதற்கு நமக்குத் தெரியும்.

மேடையின் தெற்குச் சுவரில் டேரியஸ் பொறித்த ஒரு வேண்டுதல் இருக்கிறது. இந்த நாட்டை எதிரிப் படையிலிருந்தும், விளைச்சல் பொய்த்த ஆண்டிலிருந்தும், பொய்யிலிருந்தும் தன் கடவுளான அகுரமஸ்தா காக்கட்டும் என்கிறார் அவர். முதலாவதற்கு உங்களிடம் உடன்படிக்கை இருக்கிறது. இரண்டாவதற்கு உங்கள் கோப்புகளில் ஒரு பத்தியாவது இருக்கிறதா?

நிலம் ஏன் தாழ்கிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. சமவெளியின் அடியில் மணலும் சரளையும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. துகள்களுக்கு இடையே நிற்கும் நீர், மேலிருக்கும் எடையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அந்த நீரை எடுத்துவிட்டால் எடை முழுவதும் துகள்கள் மேல் இறங்குகிறது. மணல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். களிமண் நசுங்கிவிடும், மறுபடி விரியாது. அடுத்த பத்து ஆண்டுகள் நல்ல மழை பெய்தாலும் இழந்த உயரம் திரும்பாது, நீரைத் தேக்கிவைக்க இருந்த இடமும் திரும்பாது. நிலம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தாழ்ந்தால்கூடக் கட்டடங்கள் சமாளித்துவிடும். ஆனால் மலையடிவாரத்தில் பாறை தாழாது, பக்கத்தில் இருக்கும் வண்டல் தாழும். இரண்டும் சேரும் விளிம்பில்தான் தரை கிழியும். பெர்செபோலிசின் மேடை பாதி பாறையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்பதை மேலே சொன்னேன். நக்ஷ்-எ ருஸ்தம் பாறையின் காலடியில் வண்டல் தொடங்குகிறது. இரண்டும் இருப்பது சரியாக அந்த விளிம்பில்.

அபு சிம்பலைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. இதை எங்கே தூக்கிப்போவீர்கள்? மேடை மலையோடு ஒட்டிப் பிறந்தது.

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லியாகவேண்டும். சீவந்த் ஆற்றில் அணை கட்டி 2007இல் நீரைத் தேக்கத் தொடங்கியபோது, பேரரசை நிறுவிய கோரேஷின் (சைரஸ்) கல்லறை இருக்கும் பசர்காத் பக்கத்தில் ஈரம் ஏறிவிடும் என்று ஈரானிலும் வெளியிலும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. மூழ்கவிருந்த போலாகி பள்ளத்தாக்கில் பல நாட்டுத் தொல்லியல் குழுக்கள் ஈரானியர்களோடு சேர்ந்து அவசரமாக அகழாய்வு செய்தன. தண்ணீர் உயர்வதைக் கண்ணால் பார்க்கலாம், படம் எடுக்கலாம். தண்ணீர் இறங்குவதைப் படம் எடுக்க முடியாது. அதே வட்டாரத்தில் அதற்கு முன்பும் பின்பும் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கிக்கொண்டே இருந்தன. அதற்காக எந்த நாட்டுக் குழுவும் கிளம்பி வரவில்லை.

2016இல் பாரசீகக் கனாத்துகள் என்ற பெயரில் 11 நிலத்தடி நீர்க்கால்வாய்களை நீங்கள் பட்டியலில் சேர்த்தீர்கள். மகிழ்ச்சியான முடிவு அது. மலையடிவாரத்து நீரடுக்கில் தொடங்கி, மெல்லிய சரிவில் பல கிலோமீட்டர் சுரங்கமாக வந்து, வயலில் தானாக வெளிவரும் ஏற்பாடு. எந்த இயந்திரமும் கிடையாது. நீர்மட்டம் இறங்கினால் கனாத்தின் ஓட்டம் தானாகக் குறைந்துவிடும். பூமி கொடுப்பதற்கு மேல் ஒரு குடம்கூட எடுக்க அதனால் இயலாது. ஈரானில் பல கனாத்துகளை வற்ற வைத்தது பெரிதும் மோட்டார் வைத்த ஆழ்துளைக் கிணறுதான். கனாத்தைச் சின்னம் என்று ஒரு பக்கம் அறிவித்துவிட்டு, அதைக் கொன்ற பழக்கம் இன்னொரு சின்னத்தின் அடியில் நடப்பதை வெறும் விவசாயப் பிரச்சினை என்று விட்டுவிடலாமா? உங்கள் முடிவுகளுக்குள்ளேயே முரண் இருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

விவசாயிகளைப் பற்றி ஒரு சொல். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் விரல் அவர்கள் பக்கமே நீள்கிறது: திருட்டுக் கிணறு தோண்டுகிறார்கள், வறண்ட பூமியில் நெல் பயிரிடுகிறார்கள் என்று. அந்தச் சமவெளியின் கோர் ஆற்றுப் பாசனத்தில் நெல் விளைவது உண்மை. எங்கள் காவிரிக் கரையிலும் போர்வெல் போட்டு நெல் விளைகிறது, எனவே அதன் கணக்கு எங்களுக்குப் புரியும். உணவுத் தன்னிறைவு என்று பல பத்தாண்டுகள் முழங்கி, கிணற்றுக்கு உரிமம் கொடுத்து, மோட்டாருக்கு மலிவு விலையில் எரிபொருளும் மின்சாரமும் கொடுத்தது அரசு. பொருளாதாரத் தடைகள் வெளியிலிருந்து தானியம் வாங்குவதைக் கடினமாக்கின. கோர் ஆற்றின் கடைமடையில் இருந்த பக்தெகான் ஏரி காய்ந்து உப்புப் பரப்பானது. இத்தனைக்கும் நடுவில் வாழும் ஒரு குடியானவர் தன் கிணற்றை மூடினால் குடும்பத்துக்குச் சோறு யார் போடுவது? 1979இல் மேடையைக் காக்க நின்ற வட்டாரம் இது. அவர்களை எதிரியாக்கித் தீட்டும் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் ஒரு பருவம்கூடத் தாங்காது.

இதே சமவெளியில் முன்னுதாரணமும் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் ஃபார்ஸை ஆண்ட புவைஹி அரசர் அதுத் அல்-தௌலா பெர்செபோலிசுக்கு வந்து, டேரியஸின் அரண்மனையான தச்சராவில் தன் வருகையைக் கல்லில் பொறித்தார். ஆண்டு 955. அவரேதான் கோர் ஆற்றின் குறுக்கே பந்த்-எ அமீர் என்ற தடுப்பணையையும் கட்டினார். பழைய கல்லையும் பாசனத்தையும் ஒரே ஆட்சியின் பொறுப்பாகப் பார்த்தவர். இன்றைக்குக் கல் ஓர் அமைச்சகத்திடம், ஆறும் கிணறும் இன்னொன்றிடம், பயிர் மூன்றாவதிடம். தொல்பொருள் அதிகாரி ஒருவர் எவ்வளவு எச்சரித்தாலும் ஒரு கிணற்றைக்கூட அவரால் மூடவைக்க முடியாது. வெளியிலிருந்து உங்கள் தீர்மானம் வந்தால்தான் அந்த மூன்று மேசைகளும் ஒரே கடிதத்துக்குப் பதில் எழுதியாக வேண்டிவரும்.

உங்கள் சொல்லுக்கு ஈரானில் மதிப்பு இருந்திருக்கிறது. இஸ்ஃபஹானில் பெருஞ்சதுக்கத்தின் வான்கோட்டைக் கெடுத்த ஜஹான்-நமா வணிகக் கட்டடத்தின் மேல்தளங்கள் உங்கள் அழுத்தத்தால் இடிக்கப்பட்டன. 2003 டிசம்பரில் பாம் நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானபோது 2004இல் அதை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தீர்கள், வேலை நடந்தபின் 2013இல் எடுத்தீர்கள். யாரும் அதை அவமானமாகக் கருதவில்லை.

ஆகவே சில குறிப்பான வேண்டுகோள்கள். அடுத்த அமர்வின் நிகழ்ச்சி நிரலில் பெர்செபோலிசின் பாதுகாப்பு நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரான் அரசிடம் நிலம் தாழும் வேகம், கிணறுகளின் நீர்மட்டம், வெடிப்புகளின் வரைபடம் மூன்றையும் கேட்டு, வந்ததை அப்படியே வெளியிடுங்கள். இது ரகசியமாக இருக்கவேண்டிய விஷயமே இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் படங்கள் 2014 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை வைத்து எந்தப் பல்கலைக்கழகமும் சரிபார்த்துவிடலாம். டேரியஸ் அஞ்சிய மூன்றாவது பகைக்கு இடம் வைக்காமல் இருக்க அதுவே வழி. கூடவே மேடையிலும், தாங்குசுவரிலும், கல்லறைப் பாறையிலும் நுண்ணிய அசைவை அளக்கும் கருவிகள் பொருத்த உதவுங்கள். தடைகளால் கருவி வாங்குவது சிரமம் என்றால், அதற்கு விலக்கு பெற்றுத் தருவது உங்களைப் போன்ற அமைப்பால்தான் முடியும்.

எல்லைக்கோட்டை மாற்றுங்கள். கட்டடமும் ஆலையும் நெருங்காமல் தடுக்கும் வளையம் அவசியம்தான். அதற்கு வெளியே நீர்ப்பிடிப்பின் அடிப்படையில் இன்னொரு வளையம் வரையுங்கள். அதற்குள் புதிய ஆழ்துளைக் கிணறு கூடாது. இருக்கும் கிணறுகளின் உரிமையைக் குடியானவர்களிடமிருந்து நியாயமான விலைக்கு வாங்கவேண்டும். குறைந்த நீரில் விளையும் பயிருக்கு மாறுபவருக்கு முதல் சில ஆண்டுகளின் நட்டத்தை ஈடுகட்டவேண்டும். உங்கள் நிதி இதற்குப் போதாது என்று தெரியும். அபு சிம்பலுக்கும் போதாமல்தான் இருந்தது. நாடுகளிடம் கேட்டீர்கள், கொடுத்தார்கள்.

நக்ஷ்-எ ருஸ்தம் இன்னும் உத்தேசப் பட்டியலில்தான், அதாவது பின்னால் முன்மொழிய ஈரான் குறித்துவைத்த இடங்களின் பட்டியலில்தான், காத்திருக்கிறது. வெடிப்பு வந்த இடம் உங்கள் காப்புக்கு வெளியே கிடப்பது சரியல்ல. ஈரான் அதை முன்மொழியட்டும், பெர்செபோலிசின் நீட்சியாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து அளவுகள் மோசமாக வந்தால், ஆபத்துப் பட்டியலில் சேர்க்கத் தயங்காதீர்கள். பாமுக்குச் செய்தீர்கள். பாம் விழுந்த பிறகு செய்தீர்கள். இங்கே அந்த 13 தூண்களும் இன்னும் நிற்கின்றன.

இந்த மடலின் நகலை ஈரானின் பண்பாட்டு மரபு, சுற்றுலா, கைவினை அமைச்சகத்துக்கும் அனுப்புகிறேன். இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களில் நீரியலோ தொலையுணர்வோ தெரிந்தவர்கள் இருந்தால், அந்தச் சமவெளியின் ரேடார் படங்களை எடுத்துப் பார்த்து, கண்டதை உங்கள் குழுவுக்கு எழுதும்படி அவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாரசீக வரலாற்றைத் தமிழில் வாசித்துப் பழகிய ஒருவன்